கத்திய காயமும் கத்தாத காயமும்: எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு தூண்டில் பயணம்

மாசி மாதம், அமாவாசைக்கு மறுநாள். திருவொற்றியூர் பக்கத்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் வாடகைப் படகில் எண்ணூர்க் கழிமுகத்துக்குத் தூண்டில் போடப் போனார்கள். ஒருவருக்குக் கெளுத்தி முள் கையில் ஏறியது. வலி தாங்காமல் கத்தினார், படகே நின்று அவரைக் கவனித்தது, மறுநாள் அவர் வழக்கம்போல் டீக்கடைக்கு வந்துவிட்டார். இன்னொருவருக்கு ஆளிச் சிப்பியின் ஓடு உள்ளங்காலைக் கிழித்தது. அவருக்கே அது தெரியவில்லை. மூன்றாம் நாள் மாலை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர்தான்.

இந்த நிகழ்வு ஆய்வில் பெயர்கள் கிடையாது. நேரங்கள், அன்றைய செல்போன் அழைப்புகளையும் படங்களையும் வைத்துச் சரிபார்க்கப்பட்டவை.

ஆட்களும் இடமும்

காலில் காயம்பட்டவருக்கு 64 வயது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., மூன்று மாதத்துக்கு முன் எடுத்தபோது, 8.9. ஒரு வருடமாகவே பாதம் மரத்துப்போய், பஞ்சின் மேல் நடப்பது போல் இருந்திருக்கிறது. வீட்டில் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நண்பர்களிடம் சொன்னதில்லை.

மற்ற மூவரில் ஒருவர் 66 வயது பள்ளி வாத்தியார், ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், 61. நான்காமவர் 48 வயது பக்கத்து வீட்டுக்காரர். ராடும் ரீலும் அவருடையவை. படகுக்காரர் கழியோரக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் முகத்துவாரம். பக்கிங்காம் கால்வாயும் அங்கே வந்து கலக்கிறது. வடக்கே போனால் அந்தக் கால்வாய் பழவேற்காடு ஏரிவரை இட்டுச்செல்லும். முகத்துவாரத்திலிருந்து உள்ளே வரவர ஆறு அகன்று, அலையாத்தித் திட்டுகளும் பக்கவாட்டு ஓடைகளுமாகப் பிரிகிறது. கொடுவாவும் மடவையும் கிழங்கானும் இறாலும் நண்டும் அங்கே கிடைக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்து படுகை உயர்ந்துவிட்டது. முன்பு கோல் எட்டாத இடத்தில் இப்போது வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கிய நேரத்தில், ஆள் நடக்கலாம். அன்று நடந்ததற்கும் இந்த மேடுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

தண்ணீர்க் கணக்கு

சென்னைக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை நெருங்கும், அட்டமி நவமியில் பாதிக்கும் குறையும். அதனால் அமாவாசைக்கு மறுநாள் தண்ணீர் நன்றாக ஏறும், அதே அளவுக்கு நன்றாக இறங்கியும் விடும்.

அன்று கழியின் உட்பகுதியில் தண்ணீர் முழுதாக ஏறி நின்றது காலை 10 மணி வாக்கில். வித்தியாசம் சுமார் 90 செ.மீ. இது ஒரே சீராக இறங்குவதில்லை. பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. 11 மணிக்கு ஏழெட்டு செ.மீ. இறங்கியிருக்கும். 12 மணிக்கு 22, ஒரு மணிக்கு 45, இரண்டு மணிக்கு 67. பதினொரு மணிக்குப் பார்த்தவருக்குத் தண்ணீர் அசையவே இல்லை என்றுதான் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆட்களை ஏமாற்றுகிறது.

திரும்பும் வழியில் ரயில் பாலத்துக்குத் தெற்கே ஒரு மேடு உண்டு. ஏற்றத்தில் அதன் மேல் மூன்றரை அடி, அதாவது 105 செ.மீ. தண்ணீர் நிற்கும். ஐந்து பேர் உட்கார்ந்த அந்த ஃபைபர் படகின் அடி ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இருக்கும். இன்ஜின் விசிறி சுற்ற இரண்டடி வேண்டும். ஆக, 12:45-க்குள் அந்த மேட்டைத் தாண்டியாக வேண்டும். படகுக்காரருக்கு இது மனப்பாடம். காலையில், “பன்னெண்டு மணிக்கு நாம இந்தாண்ட வந்துடணும் சார்” என்று சொன்னார். சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் மனதில் வாங்கவில்லை.

கிளம்பியதும் மீன் பிடித்ததும்

6 மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஏறும் தண்ணீரோடு உள்ளே போய், தண்ணீர் நிற்கும்போது தூண்டில் போட்டு, இறங்கத் தொடங்கியதும் ஒன்றரை மணி நேரம் பிடித்துவிட்டுத் திரும்புவது. உயிர் இறால் கிடைக்கத் தாமதமாகி, படகு கிளம்பியது 7:45-க்கு. திரும்பும் நேரத்தை அதற்காகத் தள்ளிவைக்க முடியாது. தண்ணீர் இவர்களுக்காகத் தாமதிக்காது. போன ஒன்றே முக்கால் மணி நேரத்தை மீன் பிடிக்கும் நேரத்திலிருந்துதான் கழித்திருக்க வேண்டும். அப்படிக் கழிக்கவில்லை.

இறாலைக் கழியில் இறங்கிக் கையால் துழாவிப் பிடிக்கும் இருளர் பெண்களிடமிருந்து வாங்கினார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிற இறால் அடிபடாமல் உயிரோடு இருக்கும். வலையில் வந்தது அரை மணியில் செத்துவிடும். 40 இறால், மூடி போட்ட வாளி, மீன்தொட்டிக்குப் போடும் பேட்டரி ஏர் பம்ப், அரை மணிக்கு ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்றல். இந்த ஏற்பாட்டில் 11 மணிக்கும் முப்பதுக்கு மேல் உயிரோடு இருந்தது.

தூண்டில் அமைப்பிலும் குறை இல்லை. 0.50 மி.மீ. தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு), அதன் முனையில் இரண்டடிக்கு 0.70 மி.மீ. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு போல் இருக்கும், மெல்லிய தங்கூசியை அறுத்துவிடும் என்பதால் அந்தத் தடித்த துண்டு. ஓடும் ஈயக்குண்டு 25 கிராம், 2/0 அளவு வட்ட முள். இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளை ஏற்றினால் இறால் இருபது நிமிடமாவது துள்ளிக்கொண்டிருக்கும். கரும்புள்ளியில் முள் பட்டால் உடனே செத்துவிடும்.

கழியில் எந்த ஊர் எந்த நாள் எங்கே வலை போடலாம் என்பதற்குப் பாடு முறை இருக்கிறது. படகுக்காரர் அன்றைய பாடு இடங்களை விட்டு விலகி, ஒரு பக்க ஓடையின் வாயில் நங்கூரம் போட்டார். மேலே உயர்மின் கம்பிகள் குறுக்கே போகும் இடங்களில் கார்பன் ராடுகளைப் படுக்கவைக்கச் சொன்னவர் லைன்மேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும் என்று அவருக்குத் தெரியும். அவரவர் தொழிலில் பழகிய ஆபத்தை அவரவர் சரியாகவே பார்த்தார்கள்.

10:40 வரை இரண்டு கிழங்கானும் ஒரு சின்னக் கெளுத்தியும்தான். தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஓடையிலிருந்து இறாலும் பொடிமீனும் வெளியே வரும். அதைத் தின்னக் கொடுவா வாயில் வந்து நிற்கும். 11 மணிக்குமேல் கடி தொடங்கியது. நல்ல கடி விழும் நேரமும், புறப்பட்டாக வேண்டிய நேரமும் ஒன்றாகவே வரும் என்பதுதான் கழித் தூண்டிலின் சங்கடம்.

11:50: கெளுத்தி முள்

லைன்மேன் சுமார் 600 கிராம் கெளுத்தி ஒன்றைத் தூக்கினார். துண்டால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றப் போனபோது மீன் உதறியது, துண்டைத் துளைத்துக்கொண்டு பக்கத் துடுப்பின் முள் கட்டைவிரலுக்கு அடியில் ஏறியது. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள். பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். ரம்பம் போல் பல் உள்ள அந்த முள்ளின் மேலுறையில் விஷம் இருக்கிறது. துண்டு அதற்குக் காப்பு ஆகாது. குறடால் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்து மீனைத் தலைகீழாகத் திருப்பி வாளிக்கு மேல் உதறியிருக்க வேண்டும், இல்லையென்றால் தங்கூசியையே வெட்டிவிட்டிருக்க வேண்டும். குறடு பெட்டிக்குள் இருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகு திரும்பிப் பார்த்தது. முகம் வெளிறி வியர்த்துவிட்டது. பாம்புக் கடிக்குக் கட்டுவது போல மணிக்கட்டில் கயிறு கட்டச் சொன்னார். படகுக்காரர் விடவில்லை. கட்டினால் விஷம் அந்த இடத்திலேயே தங்கி ரத்த ஓட்டமும் நின்றுபோகும். உடைந்த முள் உள்ளே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார், இல்லை. கொஞ்சம் ரத்தம் வர விட்டார். குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினார். பிறகு கேட்டார்: “சுடுதண்ணி இருக்கா?”

வாத்தியார் ஹார்லிக்ஸ் கலக்கக் கொண்டுவந்த ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கைக் காலி செய்து, வெந்நீரும் பச்சைத் தண்ணீருமாகக் கலந்தார்கள். காயம்படாத இடது கையால் சூடு பார்த்து, பொறுக்கிற அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரியில், வலது கையை மணிக்கட்டு வரை முக்கினார்கள். ஆறஆற ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் கையை வெளியே எடுத்துவிட்டு. மீன் முள் விஷம் புரதம். சூட்டில் அது செயலிழக்கும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை முக்கலாம் என்பதுதான் பொதுவான வழிமுறை. இவருக்கு 20 நிமிடத்தில் வலி பாதியானது. ஃபிளாஸ்க் காலியாகிக் கையை எடுக்கும்போது மணி 12:40.

முதலுதவியாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐம்பது நிமிடமும் படகு நங்கூரத்திலேயே நின்றது. படகு ஆடினால் வெந்நீர் சிந்திவிடும் என்பது காரணம். கழி அன்று அசையாத குளம் போல் இருந்தது. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்திருக்கலாம். 12:40-க்கு நங்கூரத்தை எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் ராடு வளைந்தது. 2.8 கிலோ கொடுவா. அதைக் களைக்கவிட்டு இழுத்து, வலையில் அள்ளி, படம் எடுத்து, கிளம்பும்போது மணி 1:25.

1:45: மேட்டில் ஏறிய படகு

ரயில் பாலத்தைத் தாண்டியதும் இன்ஜின் விசிறி சேற்றைக் கலக்கியது. இன்ஜினைத் தூக்கிவிட்டு மூங்கில் கோலால் தள்ளினார் படகுக்காரர். இருபதடி போய் நின்றுவிட்டது. மேட்டின் மேல் அப்போது ஒன்றரை அடிக்கும் குறைவான தண்ணீர், அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

காத்திருந்தால் எப்போது மிதக்கும்? வற்றத்தின் அடிநிலை 4:15 வாக்கில். அங்கிருந்து தண்ணீர் திரும்பி இதே அளவுக்கு வர 6:40 ஆகும். அதற்குள் இருட்டிவிடும். படகில் விளக்கு இல்லை, மிதவைச் சட்டை ஐந்து பேருக்கு இரண்டு. லைன்மேனின் கையைக் காட்டி ஊசி போட வேண்டும். ஆகவே இறங்கித் தள்ளுவது என்ற முடிவைத் தவறு என்று சொல்ல முடியாது. யார் இறங்கினார், காலில் என்ன போட்டு இறங்கினார் என்பதில்தான் தவறு.

படகுக்காரர் எப்போதும் போல் பழைய கேன்வாஸ் ஷூவோடு இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் காலில் பட்டை வைத்த சாண்டல். இருவர் தள்ளியும் படகு அசையவில்லை. ஃபிட்டர் எழுந்தார்.

“சார், எறங்காதீங்க. கீழ ஆளி கெடக்குது, காலு அறுத்துடும்.”

“இன்னாப்பா, இதே ஆத்துல முங்கி வளந்தவன் நானு.”

ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று அதைப் படகிலேயே கழற்றிவிட்டு இறங்கினார். முழங்கால் வரை சாம்பல் கலந்த சேறு. பதினைந்து நிமிடத்தில் நாற்பதடி தள்ளி, ஆழமான வழியில் படகை விட்டார்கள். மூவரும் காலைக் கழித் தண்ணீரிலேயே அலம்பிக்கொண்டு ஏறினார்கள். யாரும் யாருடைய பாதத்தையும் பார்க்கவில்லை. பேச்செல்லாம் லைன்மேனின் கட்டைவிரலைப் பற்றியும் கொடுவாவின் எடையைப் பற்றியும்தான்.

3 மணிக்குக் கரை. லைன்மேனை நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். ஃபிட்டரும் கூடவே போய் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பாதத்துக்கும் ஊசிக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர்தான்.

அன்று மாலை வீட்டில்

குளிக்கப் போனபோது தரையில் ரத்தம் கண்டவர் மனைவி. வலது உள்ளங்காலில், சுண்டுவிரல் அடியில், மூன்று செ.மீ. நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே கருஞ்சேறு. “வலிக்கலையா?” என்று கேட்டதற்கு இல்லை என்றார், உண்மையாகவே.

மேலோட்டமாகக் கழுவி, ரத்தம் நிற்க மஞ்சள்தூளும் காபித்தூளும் வைத்து அழுத்தினார்கள். பிறகு அவர் செய்ததுதான் இந்த நிகழ்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம். நண்பரின் கைக்கு வெந்நீர் எப்படிக் கேட்டது என்று மதியம்தான் கண்ணால் பார்த்திருந்தார். வாளியில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு, அரை மணி நேரம் காலை முக்கி வைத்தார். சூடு சரியா என்று பார்த்ததும் அதே காலால்தான்.

வெந்நீர் மீன் விஷத்துக்கான வைத்தியம். ஆளி ஓட்டுக் கீறலில் விஷம் ஏது? உணர்ச்சி குன்றிய காலுக்கு வெந்நீர் எந்தக் காரணத்துக்கும் கூடாது. மறுநாள் காலை பாதத்தின் ஓரத்திலும் இரண்டு விரல்களிலும் கொப்புளம். செருப்பில்லாமல் சேற்றில் நின்றதால் வந்தது என்று நினைத்து, காயத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டி மூடினார்.

அடுத்த இரண்டு நாள்

இரண்டாம் நாள் காலை பாதம் சிவந்தது. மாலையில் வீக்கம் கணுக்கால்வரை ஏறியது. வலி அப்போதும் இல்லை, பழைய செருப்பு நுழையவில்லை என்பதுதான் அவர் சொன்ன குறை. தெருமுனை கிளினிக்கில் கொப்புளத்தை மட்டும் காட்டினார். “வெந்நி பட்டுடுச்சு” என்று சமாளித்தார். ஆறு, சேறு, ஆளி என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மீன்பிடிக்கப் போனதைச் சொன்னால் திட்டு விழும் என்ற கூச்சம். தீப்புண்ணுக்கான களிம்பும், தோல் தொற்றுக்கு வழக்கமாகத் தரும் மாத்திரையும் கிடைத்தன. சொன்ன செய்திக்கு அது பொருத்தமான மருந்துதான்.

அன்று இரவு குளிர் ஜுரம். வீட்டுக் கருவியில் சர்க்கரை 340. மூன்றாம் நாள் மதியம் கட்டைப் பிரித்தபோது பிளாஸ்திரிக்கு அடியில் சீழ், நாற்றம், காயத்தின் ஓரம் கருத்திருந்தது. சிவப்பு கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரம் போயிருந்தது. மகன் ஆட்டோவில் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

மருத்துவமனையில்

சேர்க்கும்போதும் “வெந்நீர்க் கொப்புளம், சர்க்கரை நோயாளி” என்றே எழுதப்பட்டது. இரவு பார்க்க வந்த வாத்தியார், டியூட்டி டாக்டரிடம் கழியில் இறங்கித் தள்ளிய கதையைத் தற்செயலாகச் சொன்னார். அதன் பிறகு சிகிச்சை மாறியது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் வெதுவெதுப்பான இடங்களில் விப்ரியோ என்ற கிருமி வாழும். கீறல் வழியாக உள்ளே போனால், சர்க்கரை நோயோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு ஓரிரு நாளில் தசையையே அழுகவைக்கக்கூடும். கொடுத்துவந்த மருந்தோடு டாக்சிசைக்ளினும் செஃப்டாசிடிமும் சேர்ந்தன. டெட்டனஸ் ஊசி, இன்சுலின். எக்ஸ்ரேயில் ஓட்டுத் துணுக்குகள் இரண்டு தெரிந்தன. ஆளி ஓடு சுண்ணாம்பு என்பதால் எக்ஸ்ரேயில் நிழல் விழும். முதல் நாளே எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை தியேட்டரில் காயத்தை அகலத் திறந்து, செத்த திசுவை வெட்டி எடுத்து, ஓட்டுத் துணுக்குகளையும் சாம்பல் சேற்றையும் அகற்றினார்கள். தையல் போடவில்லை. இப்படிப்பட்ட காயத்தைத் தைத்து மூடினால் அழுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சீழ்ப் பரிசோதனையில் இரண்டு வகைக் கிருமிகள் வளர்ந்தன. ஒன்று விப்ரியோ இனம். நான்காம் நாள் ஜுரம் விட்டது. சுண்டுவிரல் போகும் என்று முதலில் சொன்னார்கள், தப்பியது.

ஒன்பது நாள் படுக்கை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றம், வலது காலை ஊன்றவே கூடாது என்ற கட்டளை. காயம் முழுதாக மூட பதினோரு வாரம். இதில் வெந்நீர்க் கொப்புளம் மட்டும் நான்கு வாரம் எடுத்துக்கொண்டது. பாதப் பிரிவில் 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தபோது, பத்து இடங்களில் ஆறில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. 14 வருடத்தில் அந்தப் பரிசோதனை அவருக்கு அதுவே முதல் தடவை. ஐந்து நிமிட வேலை அது.

எங்கே தவறியது

வீட்டார் வெந்நீரையும், நண்பர்கள் அவர் பிடிவாதத்தையும் காரணம் சொன்னார்கள். நேரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 12 மணிக்கு மேட்டுக்கு வந்திருந்தால் அங்கே கிட்டத்தட்ட 83 செ.மீ. தண்ணீர். இன்ஜின் தடையில்லாமல் ஓடியிருக்கும், யாரும் இறங்கும் பேச்சே வந்திருக்காது. 1:45-க்கு அது 43 செ.மீ. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் காலையில் தாமதித்த அதே ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

படகு சிக்கிய பிறகும் வேறு வழி இருந்தது. போனில் சிக்னல் இருந்தது. குப்பத்திலிருந்து இன்னொரு படகு வர இருபது நிமிடம். ஆழமான வழியின் ஓரத்தில் அது நின்றால், மூத்தவர்கள் மூவரையும் மாற்றிவிடலாம். மூன்று ஆள் எடை குறைந்ததும் படகு தானே கொஞ்சம் எழும்பியிருக்கும். அதை யாரும் யோசிக்கவில்லை. கூப்பிட்டால் அந்தப் படகுக்கும் டீசல் காசு தர வேண்டும், அதைவிட, மேட்டில் ஏற்றிவிட்டான் என்ற பேச்சு படகுக்காரருக்கு.

இன்னொன்று, வலியை அளவுகோலாக வைத்தது. கத்தியவருக்குக் கழுவல், வெந்நீர், ஊசி எல்லாம் மூன்றரை மணி நேரத்துக்குள் கிடைத்தன. கத்தாதவருக்கு முதல் சரியான சிகிச்சை 50 மணி நேரத்துக்குப் பிறகு. மரத்துப்போன கால் உள்ளவரிடம் “வலிக்கிறதா” என்று கேட்பதில் பயன் இல்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும், உள்ளங்காலைத் திருப்பி, விரல் இடுக்கை விரித்து.

என்ன மாறியது

ஃபிட்டருக்கு எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) வந்தது, வீட்டுக்குள்ளும் அதுதான். இரவு படுக்கும் முன் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார், அவருக்குத் தெரியாததை மனைவி பார்க்கிறார். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. 7.6. படகில் உட்கார்ந்து தூண்டில் போட டாக்டர் தடை சொல்லவில்லை. தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது மட்டும் நிரந்தரம்.

படகுக்காரர் இப்போது கிளம்பும் நேரத்தைப் பேசுவதில்லை, திரும்பும் நேரத்தை மட்டும் பேசுகிறார். அன்றைய ஏற்ற நேரத்தோடு இரண்டு மணி கூட்டி, அதை ஆளுக்கொரு தடவை சொல்லவைத்து, தன் போனில் அலாரம் வைக்கிறார். அலாரம் அடித்தால் ராடு வளைந்திருந்தாலும் நங்கூரம் ஏறும். ஒருமுறை இதில் ஒரு நல்ல கொடுவா அறுந்து போய், வாடிக்கையாளர் ஒருவர் வாடகையில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டாராம்.

படகின் முன்பெட்டியில் புதிதாகச் சேர்ந்தவை: 7-லிருந்து 10 வரை நான்கு அளவில் பழைய கேன்வாஸ் ஷூ, இன்னும் மூன்று மிதவைச் சட்டை, நீண்ட மூக்குக் குறடு கயிற்றில் கட்டியபடி, ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கின் மேல் பெயின்ட்டில் வாத்தியார் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ‘கெளுத்தி, திருக்கை முள்ளுக்கு மட்டும். சர்க்கரைக்காரர் காலுக்குக் கூடாது.’ கரையில் இறங்கியதும் எல்லோரும் பலகையில் உட்கார்ந்து, நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, பக்கத்தில் இருப்பவருக்குப் பாதத்தைக் காட்ட வேண்டும். முதல் சில பயணங்களில் இதற்குச் சிரித்தார்கள். நான்காவது பயணத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் குதிகாலில் ஓர் ஓட்டுத் துணுக்கு இருந்தது. சாண்டலின் பட்டைக்கு நடுவே புகுந்திருந்தது. அவருக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் ஏறியது தெரியவில்லை. இடுக்கியால் எடுத்துக் கழுவி, மறுநாள் காலை ஊசி போட்டுக்கொண்டார்.